எபாக்சி தரைக்கு எத்தனை கிலோ ரெசின் வாங்குவது? கணக்குப் போடும் முறை

எபாக்சி தரை போட நினைக்கிறவர்கள் கடையில் முதலில் கேட்பது அநேகமாக இதுதான்: "ஒரு சதுர அடிக்கு எத்தனை கிலோ ஆகும்?" கடைக்காரரும் ஏதாவது ஒரு எண்ணைச் சொல்வார். அந்த எண்ணைத் தப்பு என்றும் சொல்ல முடியாது, சரி என்றும் சொல்ல முடியாது. கேள்வியிலேயே ஒரு விஷயம் விடுபட்டிருக்கிறது. எத்தனை கனத்துக்கு? பெயின்ட் மாதிரி ரோலரில் உருட்டுகிற மெல்லிய பூச்சுக்கும், கண்ணாடி போல ஊற்றிப் பரப்புகிற 2 மி.மீ. தரைக்கும் பத்து மடங்கு வரை வித்தியாசம் உண்டு. கனத்தைச் சொல்லாமல் கிலோவைக் கேட்பதில் பயனில்லை.

இதில் குழப்பம் வருவதற்குக் காரணம், ஒரே வேலைக்குள் மூன்று அளவுகள் கலந்து கிடப்பது. தரையைச் சதுர அடியில் அளக்கிறோம். சரக்கைக் கிலோவில் வாங்குகிறோம். காண்ட்ராக்டர் மி.மீ. என்றும் மைக்ரான் என்றும் பேசுகிறார். இந்த மூன்றையும் இணைக்கிற அளவு லிட்டர். கொட்டேஷனில் அதை மட்டும் யாரும் எழுதுவதில்லை. லிட்டரைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் பெருக்கல் வகுத்தல்தான். பள்ளிக்கூடக் கணக்கே போதும்.

அடிப்படை விதி ஒன்றே ஒன்று. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் திரவத்தைச் சமமாகப் பரப்பினால் அதன் கனம் சரியாக 1 மி.மீ. இருக்கும். ஒரு சதுர மீட்டர் என்பது 10 லட்சம் சதுர மி.மீ.; ஒரு லிட்டர் என்பது 10 லட்சம் கன மி.மீ. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 1. தண்ணீரானாலும் எண்ணெயானாலும் எபாக்சியானாலும் இது மாறாது.

நம்மூரில் சதுர மீட்டரில் யாரும் பேசுவதில்லை. கொத்தனார்களுக்குச் "சதுரம்" என்றால்தான் கணக்கு ஓடும். ஒரு சதுரம் 100 சதுர அடி, அதாவது 9.29 சதுர மீட்டர். ஆகவே ஒரு சதுரத்துக்கு 1 மி.மீ. கனம் போட 9.3 லிட்டர் வேண்டும். இந்த 9.3-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பாதி வேலை முடிந்தது. மைக்ரான் என்பது மி.மீ.-ல் ஆயிரத்தில் ஒரு பங்கு. 200 மைக்ரான் பூச்சு என்றால் 0.2 மி.மீ.; ஒரு சதுரத்துக்கு 1.86 லிட்டர்.

கனம் என்பது கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது. உங்கள் ஏ.டி.எம். கார்டை எடுத்துப் பாருங்கள். அதன் கனம் உலகம் முழுக்க 0.76 மி.மீ.தான். இரண்டரை கார்டை அடுக்கினால் கிட்டத்தட்ட 2 மி.மீ. ரோலர் பூச்சு ஒரு கோட் அந்தக் கார்டின் கனத்தில் ஏழில் ஒரு பங்கோ எட்டில் ஒரு பங்கோதான் வரும். "எபாக்சி போட்டுத் தருகிறோம்" என்ற ஒரே வார்த்தைக்குள் இந்த இரண்டும் அடக்கம் என்பதால்தான் இரண்டு பேர் தரும் விலையில் அவ்வளவு தூரம் வருகிறது.

லிட்டரிலிருந்து கிலோவுக்கு

இங்கேதான் புதிதாகக் கணக்குப் போடுகிறவர்கள் வழுக்குகிறார்கள். தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதால் எபாக்சியும் அப்படித்தான் என்று மனது தானாக எடுத்துக்கொள்கிறது. எதுவும் சேர்க்காத தெளிவான எபாக்சி, ஹார்ட்னரோடு (ரெசின் இறுகுவதற்காகச் சேர்க்கும் இரண்டாவது சரக்கு) கலந்தபின் லிட்டருக்குச் சுமார் 1.1 கிலோ இருக்கும். வித்தியாசம் சிறியதுதான். ஆனால் தரைக்கு ஊற்றும் செல்ஃப் லெவலிங் சரக்கு (ஊற்றினால் தானாகச் சமமாகிற வகை) தெளிவான எபாக்சி இல்லை. அதில் சிலிக்கா மணல் மாவு கலந்திருக்கும். மணல் எடை கூடியது. லிட்டருக்கு 2.65 கிலோ (குவியலாகக் கொட்டிய மணலைச் சொல்லவில்லை, இடைவெளியில்லாத மணல் துகளின் எடை இது).

கலவையின் எடையை நாமே கண்டுபிடிக்கலாம். ஒரு கிலோ ரெசின் (ஹார்ட்னர் சேர்த்து) 0.91 லிட்டர் இடம் பிடிக்கும். ஒரு கிலோ சிலிக்கா 0.38 லிட்டர் பிடிக்கும். இரண்டையும் கலந்தால் எடை 2 கிலோ, கொள்ளளவு 1.29 லிட்டர். வகுத்தால் லிட்டருக்கு 1.55 கிலோ. கம்பெனிகள் தரும் தகவல் தாளில் "அடர்த்தி" என்று போட்டிருப்பது இந்த எண்ணைத்தான். சரக்குக்குச் சரக்கு இது மாறும். வாங்கும் சரக்கின் தாளில் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். தாள் தராத கடையில் வாங்காமல் இருப்பது நல்லது.

மேலே சொன்ன கணக்கை இன்னொரு தடவை பாருங்கள். ஒரு கிலோ மணல் சேர்த்தால் கூடுவது 0.38 லிட்டர் மட்டும். தராசில் நன்றாக ஏறும், தரையில் அவ்வளவாக நிரப்பாது. மணல் விலையோ ரெசின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. அதனால் "சதுர மீட்டருக்கு இத்தனை கிலோ போடுகிறோம்" என்று எழுதிய கொட்டேஷன் உங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் தராது. கிலோ அதேதான் இருக்கும், மணல் கூடியிருக்கும், கனமும் ரெசினும் குறைந்திருக்கும். எவ்வளவு குறையும் என்று கொஞ்ச நேரத்தில் எண்ணாகவே பார்க்கலாம்.

ஒரு பட்டறையை வைத்துக் கணக்கு

கோவையில் தெருவுக்குத் தெரு இருக்கிற சின்ன லேத் பட்டறை அளவை எடுத்துக்கொள்வோம். 20 அடிக்கு 30 அடி, 600 சதுர அடி, 6 சதுரம். மீட்டரில் 55.7 சதுர மீட்டர். நடுவில் நிற்கும் ஒல்லியான தூண்களைக் கழிக்க வேண்டாம், அது சேதாரத்தில் சரியாகிவிடும். மிஷின் நிற்கும் மேடைகள் பெரிதாக இருந்தால் கழியுங்கள். சுவரோரம் 4 அங்குலம் மேலே ஏற்றுவதாக இருந்தால் சுற்றளவு 100 அடிக்கு 33 சதுர அடி கூடும். அதைத் தனியாக எழுதி வையுங்கள். செல்ஃப் லெவலிங் சரக்கு சுவரில் நிற்காது, வழிந்துவிடும். அதற்கு வேறு பதத்தில் சரக்கு வேண்டும்.

போட நினைப்பது 2 மி.மீ. செல்ஃப் லெவலிங். 55.7 சதுர மீட்டர் × 2 = 111.4 லிட்டர். அடர்த்தி 1.55 என்றால் 111.4 × 1.55 = 172.7 கிலோ. இது சேதாரம் சேர்க்காத சுத்தக் கணக்கு.

லிட்டரும் கிலோவும் ஒன்று என்று நினைத்து 111 கிலோ வாங்கியிருந்தால்? 111 கிலோ என்பது 71.6 லிட்டர், 55.7-ஆல் வகுத்தால் 1.29 மி.மீ. கேட்டது 2, கிடைத்தது ஒன்றேகால் சொச்சம். அதுவும் சமமாகப் பரவாது. செல்ஃப் லெவலிங் சரக்கு தானாகச் சமமாவதற்கே ஓர் அளவு கனம் வேண்டும். மெல்லியதாக இழுத்தால் கரணையின் தடம் அப்படியே நிற்கும்.

இப்போது மணல் விஷயம். அதே 172.7 கிலோ, ஆனால் ஒரு பங்கு ரெசினுக்கு ஒரு பங்கு மணல் என்பதற்குப் பதில் இரண்டு பங்கு மணல் என்று வைப்போம். 3 கிலோ கலவை 1.66 லிட்டர் இடம் பிடிக்கும், அடர்த்தி 1.8. அப்படியானால் 172.7 கிலோ 96 லிட்டர்தான்; கனம் 1.72 மி.மீ. ரெசின் 86 கிலோவாக இருந்தது 58 கிலோவுக்கு இறங்கிவிட்டது. தராசு எதையும் காட்டிக்கொடுக்காது. கொட்டேஷனில் கனம், அடர்த்தி, சரக்கின் முழுப்பெயர் மூன்றையும் எழுதி வாங்கச் சொல்வது இதற்காகத்தான். தானாகவே எழுதித் தருகிற நேர்மையான காண்ட்ராக்டர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கேட்டால் அவர்கள் கோபப்படவும் மாட்டார்கள்.

மணலே கெட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பாரம் ஏறும் இடத்தில் 5 மி.மீ. எபாக்சி காரை போடுவார்கள். அதில் ஒரு பங்கு ரெசினுக்கு ஏழு பங்கு மணல்கூடப் போகும். இதே பட்டறைக்கு 5 மி.மீ. காரை என்றால் 279 லிட்டர், லிட்டருக்கு 2 கிலோ வீதம் சுமார் 557 கிலோ. அதில் ரெசின் எட்டில் ஒரு பங்கு, 70 கிலோ. இரண்டரை மடங்கு கனமான தரைக்கு 2 மி.மீ. தரையைவிடக் குறைவான ரெசின் போகிறது! அது கரணையால் அழுத்தி இழுக்கிற வேறு வகை வேலை, மேலே துளைகளை அடைக்க இன்னொரு கோட்டும் வேண்டும். தரை கனமாக இருந்தால் ரெசினும் அதிகம் போகும் என்று முடிவுகட்ட முடியாது, அதற்காகச் சொன்னேன்.

ரோலர் பூச்சுக்கு ஒரு கணக்கு கூடுதல்

தின்னர் அல்லது தண்ணீர் கலந்த எபாக்சி பெயின்டாக இருந்தால் பூசும்போது இருக்கும் கனம் காய்ந்தபின் இருக்காது. கலந்திருக்கும் திரவம் ஆவியாகிப் போய்விடும். மிச்சம் நிற்பது எத்தனை சதவீதம் என்பதைத் தாளில் "கொள்ளளவுத் திடப்பொருள்" என்று போட்டிருப்பார்கள். 50 சதவீதம் என்றால் காய்ந்தபின் 100 மைக்ரான் வேண்டுமானால் ஈரமாக 200 மைக்ரான் பூச வேண்டும். நம் பட்டறைக்கு ஒரு கோட்டுக்கு 55.7 × 0.2 = 11.1 லிட்டர், இரண்டு கோட்டுக்கு 22.3 லிட்டர்.

தாளில் எடை வழித் திடப்பொருள் என்று இன்னொரு எண்ணும் இருக்கும். அது பெரிதாகத் தெரியும், ஏனென்றால் ஆவியாகிற தின்னர் எடை குறைந்தது. கணக்குக்குக் கொள்ளளவு எண்ணைத்தான் எடுக்க வேண்டும். வேலை இடத்தில் சரக்கு பத்தாமல் போனால் தின்னர் ஊற்றி நீட்டுகிற பழக்கம் சிலரிடம் உண்டு. ஈரத்தில் எல்லா இடமும் மூடினது போலத் தெரியும், காய்ந்தபின் கனம் இருக்காது. தின்னரை ஒருபோதும் அளவில் சேர்க்காதீர்கள். 2 மி.மீ. ஊற்றும் சரக்கில் தின்னர் சேர்க்கவே கூடாது, மூடிக்கொண்ட தரைக்குள் அது மாட்டிக்கொள்ளும்.

பிரைமர் எவ்வளவு குடிக்கும்?

எபாக்சிக்கு அடியில் முதலில் பூசும் பிரைமருக்கு மட்டும் கனக் கணக்கு எடுபடாது. அதன் வேலையே கான்கிரீட்டுக்குள் இறங்கி வேர் பிடிப்பது. எவ்வளவு இறங்கும் என்பதைத் தரைதான் சொல்ல வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு 0.2 முதல் 0.3 கிலோ என்று ஒரு நடு அளவு வைத்துத் தொடங்கலாம், 0.25 என்றால் நம் பட்டறைக்கு 14 கிலோ. ஆனால் தரமில்லாத, பொடிபொடியாக உதிரும் பழைய தரை இரண்டு மடங்கு குடிக்கும். இரண்டாவது கோட் இல்லாமல் தீராது.

தரையின் தாகத்தை அறிய ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. மிஷின் வைத்துத் தேய்த்துத் தூசி உறிஞ்சி எடுத்தபின், நாலைந்து இடத்தில் சில சொட்டு தண்ணீர் விடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் உறிஞ்சிக்கொண்டு இருண்ட வட்டம் விழுந்தால் நல்ல தாகம். முத்து முத்தாக நின்றால் பிரைமர் மிச்சம் என்று சந்தோஷப்படக் கூடாது. அங்கே எண்ணெயோ மெழுகோ இருக்கிறது. லேத் பட்டறைகளில் இது சகஜம். அந்த இடத்தில் எவ்வளவு பிரைமர் போட்டாலும் பிடிக்காது, எண்ணெயை எடுத்துவிட்டுத்தான் மேற்கொண்டு வேலை. ஒளிரும் டைல்ஸ் தரையிலும் இதே கதைதான், மேல் பளபளப்பைத் தேய்த்து எடுக்காமல் ஒட்டாது. பழைய வீட்டுச் சிவப்பு ஆக்சைடு தரை என்றால் வருடக்கணக்கில் எண்ணெய் குடித்திருக்கும். அதன்மேல் எபாக்சி போட எனக்கு மனசே வராது. சரியாகப் பராமரித்தால் எபாக்சியைவிட அழகான தரை அது.

தண்ணீர்ச் சோதனை தாகம் உண்டா இல்லையா என்று சொல்லும். எத்தனை கிராம் என்று சொல்லாது. அதற்கு ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் (3 அடி 3 அங்குலம்) கட்டம் ஒட்டுத்தாள் ஒட்டிப் பிரித்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பிரைமர் கலந்து, ரோலரை அதில் நன்றாக நனைத்து, டப்பாவையும் ரோலரையும் சேர்த்துச் சமையலறைத் தராசில் எடை போடுங்கள். கட்டத்தைப் பூசி முடித்ததும் மறுபடியும் இரண்டையும் சேர்த்தே எடை போடுங்கள். குறைந்த கிராம்தான் உங்கள் தரை குடித்த அளவு. ரோலரை முதலிலேயே நனைத்துக்கொள்வது முக்கியம். காய்ந்த ரோலர் தன் பங்குக்கு 100, 200 கிராம் குடித்துவிடும், அது தரைக் கணக்கில் சேர்ந்துவிடும். மேடான இடத்தில் ஒரு கட்டம், வாசல் பக்கம் தேய்ந்த இடத்தில் ஒரு கட்டம் என்று இரண்டு போட்டால் சராசரி கிடைக்கும். மறுநாள் அந்தக் கட்டத்தைப் பாருங்கள். சமமாகப் பளபளத்தால் ஒரு கோட் போதும். அங்கங்கே மங்கலாகக் காய்ந்த திட்டு இருந்தால் இரண்டாவது கோட்டுக்கும் சேர்த்து வாங்குங்கள். அந்த மங்கல் திட்டுகளை அப்படியே விட்டு மேலே ஊற்றினால் கீழே துளையில் இருக்கும் காற்று குமிழியாக மேலே வரும், காய்ந்தபின் ஊசித் துளையாக நிற்கும்.

எல்லா எண்ணையும் தாளிலிருந்து எடுக்கலாம், இந்த ஒன்றை மட்டும் எடுக்க முடியாது. தராசும் ஒரு மணி நேரமும் செலவழித்தால் 14 கிலோவா 28 கிலோவா என்ற கேள்வி தீர்ந்துவிடும்.

பள்ளம் விழுங்கும் சரக்கு

தரை மட்டமாக இருக்கிறது என்று கண் சொல்வதை நம்ப வேண்டாம். ஆறடி அலுமினிய மட்டக்கட்டையைத் தரையில் படுக்கவைத்து நகர்த்திக்கொண்டே போங்கள். அடியில் வெளிச்சம் தெரிகிற இடத்தில் ஏ.டி.எம். கார்டை நுழைத்துப் பாருங்கள். ஒரு கார்டு நுழைந்தால் முக்கால் மி.மீ., இரண்டு நுழைந்தால் ஒன்றரை. சாக்பீஸால் வட்டம் போட்டு ஆழத்தை அங்கேயே எழுதி வையுங்கள்.

பள்ளம் பொதுவாகத் தட்டையான கிண்ணம் மாதிரிதான் இருக்கும். நடுவில் ஆழம், ஓரத்தில் ஒன்றுமில்லை. அதனால் பரப்பு × அதிக ஆழம் ÷ 2 என்று எடுத்தால் போதும். 3 அடிக்கு 4 அடியில் 3 மி.மீ. ஆழப் பள்ளம் என்றால் 1.1 சதுர மீட்டர் × 3 ÷ 2 = சுமார் 1.7 லிட்டர். கிலோவில் 2.6. ஒரு பள்ளத்துக்கு இவ்வளவு. தரை முழுக்கச் சராசரியாக அரை மி.மீ. ஏற்ற இறக்கம் இருந்தாலே நம் பட்டறையில் 28 லிட்டர், 43 கிலோ கூடுதலாகப் போகும். அதாவது மொத்தத்தில் கால் பங்கு!

விரிசல்கள் பயமுறுத்தும், ஆனால் அதிகம் விழுங்காது. 10 அடி நீள விரிசலை 10 மி.மீ. அகலமும் 10 மி.மீ. ஆழமுமாக V வடிவில் வெட்டித் திறந்தாலும் அது விழுங்குவது 150 மி.லி.தான். கண்ணுக்கே தெரியாத பள்ளங்கள்தான் சரக்கைக் காலி செய்யும். விலை கூடிய மேல் சரக்கால் அவற்றை நிரப்பக் கூடாது. பிரைமருக்கு மேல் ரெசினும் மணலும் கலந்த காரையோ எபாக்சி புட்டியோ வைத்து முதல்நாளே நிரப்பி, மறுநாள் தேய்த்துவிட்டு, அப்புறம் 2 மி.மீ. ஊற்றினால் செலவு குறையும், மேல் கனமும் எல்லா இடத்திலும் ஒன்றாக வரும்.

தேய்க்கும் மிஷினும் இங்கே கணக்கில் வருகிறது. வைரக் கல் வைத்துத் தேய்த்த தரை ஓரளவு வழுவழுப்பாக இருக்கும். இரும்புக் குண்டு அடித்துச் சுரண்டிய தரை சொரசொரப்பாக இருக்கும், பிடிப்பு பிரமாதம், ஆனால் அந்தச் சொரசொரப்பின் குழிகளை நிரப்பவே கொஞ்சம் சரக்கு போகும். அப்படிப்பட்ட தரையில் மெல்லிய ரோலர் பூச்சு போட்டால் மேடுகள் அப்படியே எட்டிப் பார்க்கும்.

சேதாரமும் செட்டும்

172.7 கிலோவுக்கு மேல் எவ்வளவு சேர்ப்பது? டப்பாவின் அடியிலும் ஓரத்திலும் ஒட்டுகிற சரக்கு, ரோலரும் பல்கரணையும் (சரக்கைப் பரப்பும் பல் வைத்த கரணை) குடிப்பது, நேரம் தாண்டி வாளியிலேயே கெட்டிப்பட்டது எல்லாம் சேர்ந்துதான் சேதாரம். திறந்த பெரிய தரைக்கு 5 சதவீதம் போதும். சின்ன அறைகள், மூலை முடுக்குகள் என்றால் 10. ஐம்பது சதுர அடி வேலைக்கு 15 சதவீதம் வைத்தாலும் அதிகமில்லை. சின்ன வேலையில் வாளியில் ஒட்டுவது அதே அளவுதான், சதவீதம் கூடிவிடுகிறது.

டப்பாவின் ஓரத்தைச் சுரண்டி மிச்சம் பிடிக்க வேண்டாம். ஓரத்தில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் ஹார்ட்னரோடு சரியாகக் கலக்காத சரக்கு. அதைச் சுரண்டி ஊற்றின இடம் மட்டும் காயாமல் பிசுபிசுவென்று நிற்கும். கலந்ததை இன்னொரு வாளிக்கு மாற்றி மறுபடியும் கலக்குவதுதான் சரியான முறை.

நம் பட்டறைக்கு 7 சதவீதம் சேர்த்தால் 184.8 கிலோ. சரக்கு வருவதோ செட்டாக: ரெசின் ஒரு டப்பா, ஹார்ட்னர் ஒரு டப்பா, மணல் மாவு ஒரு பை. ஒரு செட் மொத்தம் 20 கிலோ என்று வைத்தால் 9.2 செட். 10 செட் வாங்குங்கள். ஒன்பதோடு நிறுத்திச் சமாளிக்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். கடைசி மூலையில் சரக்கு தீர்ந்து, மறுநாள் வாங்கி வந்து ஊற்றினால் இணைப்புக் கோடு காலத்துக்கும் தெரியும். வேறு பேட்ச் என்றால் நிறமும் ஒட்டாது. எல்லா டப்பாவும் ஒரே பேட்ச் எண்ணா என்று வாங்கும்போதே பாருங்கள். பிரிக்காத செட்டைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று முன்கூட்டியே பேசிவிட்டால் பத்தாவது செட் பாரமாக இருக்காது.

20 கிலோ செட் என்று விலை சொல்லும்போது அது எல்லாம் சேர்ந்த எடையா, ரெசின் மட்டுமா என்றும் கேளுங்கள். கலக்கும் விகிதம் எடைக்கா, கொள்ளளவுக்கா என்பது அடுத்த கேள்வி. ரெசின் லிட்டருக்குச் சுமார் 1.15 கிலோ, ஹார்ட்னர் ஏறக்குறைய 1 கிலோ. கொள்ளளவில் 2-க்கு 1 என்று போட்டிருப்பதைத் தராசில் 2-க்கு 1 என்று நிறுத்துக் கலந்தால் ஹார்ட்னர் 15 சதவீதம் கூடிவிடும். ஃபைபர் வேலைக்குப் பயன்படுத்தும் பாலியஸ்டர் ரெசினில் கெமிக்கலைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றுவார்கள். எபாக்சியில் அது நடக்காது. இதில் ஹார்ட்னர் வேகம் கூட்டுகிற மருந்தல்ல, ரெசினோடு சேர்ந்து தரையாகவே மாறுகிற பாதிச் சரக்கு. கூடினாலும் குறைந்தாலும் தரை கெடும்.

கணக்கைத் தரையில் இறக்குவது

காகிதத்தில் 2 மி.மீ. என்று வந்துவிட்டது. வேலை நடக்கும்போது அது 2 மி.மீ.தான் விழுகிறதா என்று எப்படித் தெரியும்? ஒரு செட் எத்தனை சதுர அடி போக வேண்டும் என்று முன்பே கணக்குப் போட்டுவிடுங்கள். 20 கிலோ ÷ 1.55 = 12.9 லிட்டர். 2 மி.மீ.க்கு 6.45 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 70 சதுர அடி. பட்டறையின் அகலம் 20 அடி என்பதால் ஒரு செட் மூன்றரை அடி பட்டையை மூட வேண்டும். 30 அடி சுவர் இரண்டிலும் மூன்றரை அடிக்கு ஓர் ஒட்டுத்தாள் துண்டு ஒட்டி 1, 2, 3 என்று எண் எழுதிவிடுங்கள். ஐந்தாவது செட் ஊற்றும்போது ஆட்கள் ஐந்தாவது அடையாளத்தைத் தாண்டிவிட்டால் மெல்லியதாக இழுக்கிறார்கள். இன்னும் நாலிலேயே நின்றால் பள்ளம் விழுங்குகிறது அல்லது கனமாகப் போகிறது. கடைசி மூலைக்கு வந்தபின் தெரிவதற்குப் பதில் நடுவிலேயே தெரிந்துவிடும். கனம் பார்க்கப் பல்லுள்ள சின்ன உலோக அட்டை ஒன்று பெயின்ட் கருவி விற்கும் இடங்களில் கிடைக்கிறது. ஈரத்தில் நிறுத்தி எடுத்தால் எந்தப் பல் வரை நனைந்திருக்கிறதோ அதுதான் கனம். அது ஓர் இடத்தைச் சொல்லும், சுவரில் இருக்கும் ஒட்டுத்தாள் மொத்தத்தையும் சொல்லும்.

வெயில் விஷயத்தையும் இதோடு சேர்க்க வேண்டும். கலந்த எபாக்சிக்கு வாளியில் இருக்கும் நேரம் குறைவு. சூடு 10 டிகிரி கூடினால் அந்த நேரம் ஏறக்குறைய பாதியாகும். தாளில் 25 அல்லது 30 டிகிரிக்குத்தான் நேரம் போட்டிருப்பார்கள். திருச்சி மே மாத மதியத்துக்கு அது பொருந்தாது. வாளியில் மொத்தமாக இருக்கும்போது சரக்கு தானே சூடேறி இன்னும் வேகமாக இறுகும். தரையில் கொட்டிப் பரப்பிவிட்டால் சூடு ஆறி, வேலை செய்ய நேரம் கிடைக்கும். காலையிலேயே தொடங்கி, ஒரு செட் கலந்து உடனே கொட்டி, அடுத்த செட்டைக் கலக்க ஓர் ஆளைத் தனியாக நிறுத்தினால் வாளியில் கெட்டிப்படுகிற சேதாரம் இல்லாமலே போகும். இரண்டு மூன்று செட்டை ஒரே டிரம்மில் கலக்கி வைத்துவிட்டால் 5 சதவீதச் சேதாரம் எந்தக் கணக்குக்கும் அடங்காது.

இதையெல்லாம் தொடங்கும் முன் தரையில் ஓதம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் தாளை நாலு ஓரமும் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் கழித்துப் பிரித்தால், அடியில் வியர்த்திருந்தாலோ கான்கிரீட் கறுத்திருந்தாலோ அந்தத் தரை இன்னும் தயாராகவில்லை. புதுக் கான்கிரீட்டுக்கு 28 நாளாவது விட வேண்டும். ஓதமுள்ள தரைக்கு எத்தனை கிலோ என்று கணக்குப் போடுவதே வீண். எவ்வளவு போட்டாலும் கிளம்பிவிடும். வெயில் நேராக விழும் மொட்டை மாடிக்கும் சாதாரண எபாக்சி வேண்டாம், மஞ்சளாகிச் சுண்ணாம்பு போலப் பொடி விடும்.

வேலை முடியும்வரை காலி டப்பாக்களை வெளியே போட விடாதீர்கள். எண்ணிப் பார்த்தால் ஒன்பது காலி என்று வைப்போம்: 180 கிலோ, 116 லிட்டர், 55.7-ஆல் வகுத்தால் 2.08 மி.மீ. சேதாரம் போகக் கேட்ட கனம் கிட்டத்தட்ட விழுந்திருக்கிறது. ஏழுதான் காலி என்றால் 1.62 மி.மீ.க்கு மேல் விழுந்திருக்க வழியே இல்லை. பணம் கொடுக்கும் முன் பேசவேண்டிய விஷயம் அது. மிச்சமான ரெசினையும் ஹார்ட்னரையும் மூடி இறுக்கி, நிழலில், தனித்தனியாக வையுங்கள். பின்னால் கனமான சாமான் விழுந்து பெயர்ந்த இடத்தை ஒட்ட அதே பேட்ச் சரக்கு கையில் இருக்கும். வைக்க விருப்பமில்லை என்றால் சாக்கடையில் ஊற்றாதீர்கள். சரியான விகிதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, கல்லாக இறுகியபின் குப்பையில் போடலாம்.